சாப்பிடாத கைப் பக்கம்

எங்கள் அண்ணி ஜூராகானுக்கு வெள்ளிக்கிழமை என்று ஒரு கிழமை கிடையாது. வியாழன் இருக்கிறது, சனி இருக்கிறது, நடுவில் "வியாழனுக்கு மறுநாள்" என்று ஒன்று இருக்கிறது. கல் என்ற பொருளும் அவள் உலகத்தில் இல்லை. கால் விரலில் கல் இடித்துவிட்டால், "ஐயோ, இந்தக் கெட்டிச் சாமான் இடிச்சிடுச்சே" என்று கத்துவாள். வலி தாங்காமல் கத்துகிற நேரத்தில்கூட அவ்வளவு நீளமாகத்தான் கத்தியாக வேண்டும்.

எல்லாம் எங்கள் குடும்பத்தால் வந்த வினை. கிர்கிஸ் வீட்டுக்கு மருமகளாக வருகிறவள் புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. பெயருக்குள் ஒரு வார்த்தை ஒளிந்திருந்தால் அதையும் சொல்லக் கூடாது. எங்கள் பெரியப்பா பெயர் ஜுமாபாய். ஜுமா என்றால் வெள்ளிக்கிழமை. போச்சு. சித்தப்பா பெயர் தாஷ்பாய். தாஷ் என்றால் கல். அதுவும் போச்சு. இதோடு விட்டிருந்தால் எப்படியோ சமாளித்திருக்கலாம். ஆனால் என் அப்பாவுக்கு அவருடைய அப்பா யோசிக்காமல் வைத்த பெயர் சோல்தோபாய். எங்கள் பேச்சில் வலது பக்கத்துக்கு ஓங், இடது பக்கத்துக்கு சோல். ஆக, எங்கள் வீட்டு வாசலில் கால் வைத்த அன்றே அண்ணிக்குப் பாதி உலகம் காணாமல் போய்விட்டது.

இந்தக் காலத்து மருமகள்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. முர்காப் டவுனில் மாமனாரின் பெயரைத் தெருவில் நின்று கூவி, வரும்போது மாவு வாங்கி வரச் சொல்கிறார்கள். அப்பாவே பலமுறை சொல்லிவிட்டார், "சொல்லிக்கோம்மா, என் பேர் ஒண்ணும் கண்ணாடிச் சாமான் இல்ல, உடையாது" என்று. அண்ணி கேட்டால்தானே. "நீங்க பெரிய மனசு பண்ணிச் சொல்றீங்க மாமா. அதுக்காக நான் சின்னவளா ஆகணுமா?" என்று ஒரே போடு. அவளோடு வாதாடுவதற்குப் பதில் ஒரு யாக் மாட்டை மடியில் உட்கார வைத்துக் கொஞ்சலாம்.

புருஷனின் தம்பிமாருக்கு மட்டும் அவளே ஒரு பெயர் வைத்துக் கூப்பிடலாம், அது வழக்கம். மற்ற வீடுகளில் "ராஜகுமாரன்", "கருப்புக் கண்ணன்" என்றெல்லாம் வைப்பார்கள். எனக்கு எங்கள் அண்ணி வைத்த பெயர் "வாயாடி". இன்று வரைக்கும் அதுதான். என் சொந்தப் பெயரை ரேஷன் கடைக்காரர்கூட மறந்துவிட்டார்.

இப்படிப்பட்டவளுக்குக் கடவுள் என்ன தொழிலைக் கொடுக்க வேண்டும்? ரொட்டி சுடுகிற தொழில், கம்பளி முறுக்குகிற தொழில், எவ்வளவோ இருக்கின்றன. அவர் கொடுத்தது வழி சொல்லுகிற தொழில்.

எங்கள் ஊர் கோக்ஜார். கணவாய்க்குக் கீழே, காற்று எல்லாம் வந்து கூடிப் பேசுகிற இடத்தில், ஏழெட்டு வெள்ளையடித்த வீடுகள். முதல் வீடு எங்களுடையது. கோடைக்காலம் வந்தால் ஐரோப்பா முழுவதும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு சைக்கிளில் இந்த வழியாக வருகிறது. மூக்கு உரிந்து, உதடு வெடித்து, மூட்டை மூட்டையாகச் சைக்கிளில் கட்டி, தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டு வந்து விழுவார்கள். அண்ணி அவர்களுக்குப் படுக்கை போடுவாள், பால் டீ கொடுப்பாள், யாக் வெண்ணெய் தடவிய ரொட்டி கொடுப்பாள். போகும்போது சட்டைப் பை நிறைய உலர்ந்த தயிர்க்கட்டி போட்டு அனுப்புவாள். அதைக் கடித்துப் பல் உடைந்த சைக்கிள்காரர்களை ஒன்று சேர்த்தால் தனி ஊரே அமைக்கலாம்.

பாசம் எவ்வளவோ அவ்வளவு எரிச்சலும் உண்டு. ஒருத்தன் வந்து கறி சாப்பிட மாட்டேன் என்பான். புல்லே முளைக்காத ஊரில் வந்து நின்றுகொண்டு கீரை கேட்பான். இன்னொருத்தி அடுப்புக்குக் காய வைத்த சாணத்தை அரை மணி நேரம் படம் எடுப்பாள். உருளைக்கிழங்கு வேகவில்லை என்று ஒருத்தன் குறை சொன்னான். இந்த உயரத்தில் தண்ணீர் கொதிக்கும், ஆனால் சூடாகாது. அது அண்ணியின் தப்பா? எல்லாவற்றையும்விட அவளால் தாங்க முடியாதது, அவள் புருஷன் எர்கேஷ் அண்ணன் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கணவாய்க்கு மேலே இறக்கிவிடுகிறேன் என்றால் இவர்கள் கோபித்துக்கொள்வதுதான்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு மேல ஏறி என்னடா பண்ணுவாங்க?" என்று என்னைக் கேட்பாள்.

"எறங்குவாங்க அண்ணி."

"அத கீழயே இருந்தா ஏறாமலே பண்ணலாமே."



சரி, வழி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து பாதை ஒரு மேட்டில் வளைந்து வளைந்து ஏறி, மறுபக்கம் போய் இரண்டாகப் பிரிகிறது. வீட்டு வாசலில் நின்று கையை நீட்டினால் மேடுதான் தெரியும். இடது பாதை கணவாய்க்குப் போகிறது. பார்த்தால் ஆட்டுக்குட்டி நடந்த தடம் மாதிரி இருக்கும். வலது பாதை மூடிப்போன பழைய சுரங்கத்துக்குப் போகிறது. அந்தக் காலத்து லாரிகள் ஓடி ஓடி அதை அகலமாக, அழகாக, கல்யாணத்துக்குப் போகிற பாதை மாதிரி ஆக்கிவிட்டன. அதில் நேராகப் போனால் ஆள் கிடையாது, வீடு கிடையாது, கடைசியில் பூட்டிய இரும்புக் கதவும் செங்குத்துப் பள்ளமும்தான். புதிதாக வருகிறவன் எவனும் அழகான பாதையைத்தானே எடுப்பான்.

பிரிகிற இடத்தில் வழிப்பலகை ஒன்று உண்டு. ஆனால் யாக்குகளுக்கு முதுகு அரித்தால் சொறிந்துகொள்ள அந்தப் பகுதியில் வேறு கம்பம் கிடையாது. கடைசியாகச் சொறிந்த யாக் எந்தப் பக்கம் போயிற்றோ, பலகை அந்தப் பக்கம் காட்டும். சில நாள் வானத்தைக் காட்டும்.

அண்ணனோ நானோ வீட்டில் இருந்தால் பிரச்சினை இல்லை, நாங்கள் சொல்லிவிடுவோம். நாங்கள் இல்லாத நேரத்தில் அண்ணி சொல்லுகிற வழி ஒன்றே ஒன்று: "சாப்பிடாத கைப் பக்கம் போ." இடது கையைத் தூக்கிக் காட்டிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். விருந்தாளி முகத்துக்கு நேரே அந்தக் கையை நீட்டுவது மரியாதை இல்லையாம். மரியாதை, மரியாதை. எங்கள் ஊரில் காற்றில் உயிர்வாயு குறைவாக இருப்பதற்குக் காரணமே அண்ணியின் மரியாதை அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதுதான் என்று எனக்குச் சந்தேகம்.

ஒந்த்ரே வந்தது செப்டம்பர் கடைசியில். எல்லா சைக்கிள்காரர்களும் போய் முடிந்து, அண்ணி விருந்தாளிப் படுக்கைகளை மடித்து வைத்த பிறகு வந்தான். செக் நாட்டுக்காரன். அண்ணாந்து பார்த்தால் நம் தொப்பி கீழே விழும், அவ்வளவு உயரம். எங்கள் வீட்டுக் கதவில் நுழையும்போது தலையில் ஒரு முறை இடித்துக்கொண்டான், மன்னிப்புக் கேட்க நிமிர்ந்து இன்னொரு முறை இடித்துக்கொண்டான். மலைக் காய்ச்சல் மாதிரி தலைவலி வந்து இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே படுத்திருந்தான்.

அவனிடம் ஒரு விசேஷம் உண்டு. எல்லோரும் எங்களிடம் ருஷ்ய மொழியில் நாலு வார்த்தை பேசுவார்கள், மீதியைக் கையால் பேசுவார்கள். இவன் எங்கள் கிர்கிஸ் மொழியையே புத்தகம் வைத்துப் படித்துவிட்டு வந்திருந்தான். புத்தகம் எந்த ராஜா காலத்துப் புத்தகமோ தெரியாது. டீ வேண்டுமா என்று கேட்டால், "சகோதரியே, தேநீர் அருந்துவதில் எனக்கு மட்டற்ற மகிழ்ச்சி" என்பான். அடுப்பில் இருந்த அண்ணி திரும்பிப் பார்த்து, யாராவது வானொலிப் பெட்டியைப் போட்டுவிட்டார்களா என்று தேடினாளாம்.

போன் வைத்திருந்தான். குளிரில் அது செத்துப்போயிருந்தது. அதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. "நான் இயந்திரங்களை நம்புவதில்லை, மக்களை நம்புகிறேன்" என்று சொன்னானாம். நம்பினான் பாருங்கள், எங்கள் அண்ணியை.

அந்த நேரத்தில் நானும் அண்ணனும் ஊரில் இல்லை. மேய்ச்சல் மேட்டிலிருந்து யாக்குகளை இறக்கிக் கொண்டுவரப் போயிருந்தோம். வீட்டில் அண்ணியும் அப்பாவும் மட்டும். நான் இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். இந்தக் கதையை அவர்கள் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். அண்ணி பாதியை மறைத்தாள், அப்பா பாதியைக் கூட்டினார். இரண்டையும் கலந்து சொல்கிறேன்.

புறப்படுகிற அன்று காலை ஒந்த்ரேக்கு அண்ணி கறியும் கிழங்கும் வறுத்துக் கொடுத்தாள். நாங்கள் கையால் சாப்பிடுகிற ஆட்கள். சைக்கிள்காரர்கள் விரலைச் சுட்டுக்கொள்கிறார்கள் என்று அவர்களுக்காகவே சந்தையில் முள்கரண்டியும் கத்தியும் வாங்கி வைத்திருக்கிறாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"சகோதரியே, மேட்டிற்கு அப்பால் சாலை இரண்டாகப் பிரிவதாக அறிந்தேன். நான் எத்திசையில் செல்லுதல் வேண்டும்?"

"நீ சாப்பிடாத கைப் பக்கம் போ, தம்பி."

அவன் கையிரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். நன்றாக யோசித்தான். பிறகு முகம் மலர்ந்து, "நான் சாப்பிடாத கையின் பக்கம். மிகத் தெளிவு" என்றான். அண்ணிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கோடை முழுவதும் வந்தவர்களில் ஒருத்தனாவது சொன்னதைச் சரியாகத் திருப்பிச் சொன்னானே என்று தயிர்க்கட்டி இரண்டு கை நிறைய அதிகமாகவே போட்டு அனுப்பினாள்.

மத்தியானம் அப்பாவுக்கு சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வயதாகி அவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. தொண்டையில் காற்றுதான் வரும், சத்தம் வராது. பக்கத்தில் உட்கார்ந்தால் பேசுவது கேட்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் உதடு மட்டும் அசையும். ஆனால் காது நரிக்காது. நாக்கும் அப்படித்தான், யாரையாவது குறை சொல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது.

"அந்த ஒட்டகம் சாப்பிட்டதப் பாத்தியாம்மா? எனக்குக் கண்ணு தெரியாதுதான், ஆனா அவ்வளவு பக்கத்துல நடந்தா தெரியாதா? கழுவுற கையால கறிய எடுத்து வாய்ல வெக்கிறான்."

அண்ணியின் கரண்டி நின்றது.

"எந்தக் கையால மாமா?"

"சோல் கையாலதான். கத்திய ஓங் கைல பிடிச்சு அறுக்கறான், முள்ள சோல் கைல பிடிச்சுக் குத்தறான், அப்படியே வாய்க்குள்ள. என்ன வளத்தாங்களோ."

அண்ணி அப்படியே அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவன் சாப்பிடுகிற கை இடது கை. அப்படியானால் அவன் சாப்பிடாத கை எது? அவன் சொன்னது தெளிவு. மிகத் தெளிவு. இந்நேரம் சுரங்கப் பாதையில் பாட்டுப் பாடிக்கொண்டு போய்க்கொண்டிருப்பான். வெளியே வந்து பார்த்தாள். சுரங்கத்துப் பக்கம் மலைத் தலையில் மேகம் மாவு மூட்டை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் பனி.

விருந்தாளி என்றால் எங்களுக்குக் கடவுள் அனுப்பின ஆள். அவனை வீட்டில் வைத்துச் சோறு போட்டு, தவறான வழியைச் சொல்லிப் பனிக்குள் அனுப்பினால், அதை என்னவென்று சொல்வது? அண்ணிக்கு அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரமும் வந்தது. அவன் மேல், அவன் முள்கரண்டி மேல், அதை வாங்கின தன் மேல், அவனை அப்படி வளர்த்த அவன் அம்மா மேல்.

வீட்டில் வண்டி என்று இருந்தது அப்பாவின் மோட்டார் சைக்கிள்தான். பக்கத்தில் தொட்டி வைத்தது, ருஷ்யாக்காரன் காலத்து வண்டி. அண்ணிக்கு ஓட்டத் தெரியாது. அப்பாவுக்கு ஓட்டத் தெரியும், பாதை தெரியாது. அதாவது கண்ணுக்குத் தெரியாது.

"நீ தொட்டில உக்காரு. வளைவு வந்தா சொல்லு. நான் திருப்பறேன்" என்றார் அப்பா.

வளைவு வந்தால் சொல்ல வேண்டும். அண்ணி சொல்ல வேண்டும். எங்கள் மேட்டில் மலைப்பாம்பு சுருண்டு படுத்த மாதிரி பாதை, பாதி வளைவுகள் வலது, பாதி வளைவுகள் இடது. வலது வந்தபோது அண்ணி "ஓங்" என்று கத்தினாள், வண்டி அழகாகத் திரும்பியது. அடுத்தது இடது. அண்ணி "ஓங் இல்ல மாமா" என்று கத்தினாள். எஞ்சின் சத்தத்தில் அப்பாவுக்கு முதல் பாதிதான் கேட்டது. வண்டி பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. முன் சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்ததாக அப்பா சொல்கிறார். அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை, ஆனாலும் சொல்கிறார்.

"ஏம்மா, பேர சொல்லக் கூடாதுன்னுதானே வழக்கம்? பேர வெச்சிருக்கறவனையே கொல்லணும்னா வழக்கம்?"

அண்ணி அப்போதுதான் தன் கையைப் பார்த்தாளாம், சூப் கரண்டி இருந்தது. அவசரத்தில் அதோடேயே வந்து ஏறியிருக்கிறாள். அதற்கப்புறம் இடது வளைவு வந்தால் கரண்டியால் மாமனாரின் தோளில் ஓர் இடி. அவர் திருப்புவார். வலது என்றால் வாய், இடது என்றால் கரண்டி. அப்படியே மேட்டைத் தாண்டினார்கள். மாமனாரைக் கரண்டியால் இடிக்கிறது மரியாதையா என்று நான் பிறகு கேட்டேன். "பேர் சொல்றதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றாள். இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது?

பாதை பிரிகிற இடத்தில் அண்ணி இறங்கிப் பார்த்தாள். வலது பக்கத்துப் புழுதியில் ஒல்லிச் சக்கரத் தடம், நேராக, ஒரு சந்தேகமும் இல்லாமல் போயிருந்தது.

சுரங்கப் பாதையில் கொஞ்ச தூரம் போனால் ஓர் ஓடை குறுக்கே வரும். காலையில் கணுக்கால் தண்ணீர்தான் இருக்கும். வெயில் ஏறினால் மேலே பனிப்பாறை உருகி, பிற்பகலில் அது ஓடை இல்லை, மதம் பிடித்த யானை. ஒந்த்ரே தண்ணீர் ஏறுவதற்கு முன்பே சைக்கிளைத் தோளில் தூக்கி அக்கரைக்குப் போய்விட்டான். இவர்கள் வந்து சேர்ந்தபோது கரை கரையாக அரித்துக்கொண்டு தண்ணீர் ஓடுகிறது. மோட்டார் சைக்கிளை இறக்கினால் அடுத்த நாட்டில்தான் எடுக்க முடியும். மேகமும் தரை வரைக்கும் இறங்கிவிட்டது. அக்கரை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது.

அந்தத் துணிக்குள்ளிருந்து ஒரு மணிச் சத்தம். ட்ரிங். ட்ரிங்.

சைக்கிள் மணி. மேகத்துக்குள் பாதை தெரியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டு, எதிரே யாக் வந்தால் ஒதுங்கட்டும் என்று அடித்துக்கொண்டிருக்கிறான். எங்கள் யாக்குகள் லாரிக்கே ஒதுங்காது.

அக்கரையில் சற்றுத் தள்ளி அந்தப் பாதையும் இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் போனால் சுரங்கத்துப் பள்ளம். இடது பக்கம் ஒரு மேய்ப்பர் தடம், அதில் போனால் மாதியாரின் குளிர்காலக் குடிசை. அங்கே அடுப்பு உண்டு, கறி உண்டு, மாதியாரே உண்டு. அங்கிருந்து சரியான சாலைக்கு வழியும் உண்டு. ஆக ஒந்த்ரே உயிரோடு இருப்பதும் இல்லாததும் அந்த ஒரு திருப்பத்தில் இருந்தது.

அண்ணி இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டாள். மணி நின்றது. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"யார் அங்கே? சகோதரியா? ஈண்டு சாலை மறுபடியும் பிரிகிறது. ஓங்? அல்லது சோல்?"

பாருங்கள், அவனே இரண்டையும் சொல்லிவிட்டான். தட்டில் வைத்து நீட்டிவிட்டான். இவள் இரண்டில் ஒன்றைத் திருப்பிச் சொன்னால் போதும். நானாக இருந்தால் அவன் கேள்வி முடிவதற்குள் சொல்லியிருப்பேன். அப்பாவும் அங்கேதான் நிற்கிறார், வாயைத் திறந்து "சோல், சோல்" என்று தன் பெயரையே கத்துகிறார், ஆனால் அவர் தொண்டையிலிருந்து வருகிற காற்று அவர் தாடியைத் தாண்டவில்லை. ஒந்த்ரேயை இடிக்கிற அளவுக்கு நீளமான கரண்டியும் இல்லை.

அண்ணி முதலில் "நெஞ்சு துடிக்கிற பக்கம்" என்று கத்தினாள். தண்ணீர் அதைத் தின்றுவிட்டது. "நீ சாப்பிடற கைப் பக்கம்" என்று கத்தினாள். அதில் பாதியைக் காற்று எடுத்துக்கொண்டது. நீளமாக எதைச் சொன்னாலும் நடுவிலேயே செத்துவிடுகிறது. கடைசியில் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஓங் இல்ல. ஓங் இல்ல."

 வெள்ளைக்குள்ளிருந்து சந்தோஷமான குரல்.

"ஓங். புரிந்தது. தங்களுக்கு என் மனமார்ந்த நன்றி."

ட்ரிங். ட்ரிங். மணி நகர ஆரம்பித்தது. பள்ளத்தைப் பார்த்து.

அண்ணி அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவள் காதருகே வந்து சொன்னார். இந்த இடத்தில் இருவரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள், அதனால் நம்புகிறேன்.

"ஏம்மா. அந்தப் புள்ள செத்துப்போனா, என் பேரு மட்டும் உயிரோட இருந்து என்ன பண்றது?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமா, காதப் பொத்திக்கோங்க" என்றாள்.

அப்பா பொத்திக்கொண்டார். ஒரு காதை மட்டும்.

அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்திருக்க வேண்டும். அந்த ஆத்திரத்தோடேயே மூச்சை இழுத்தாள், வந்த நாளிலிருந்து வாய்க்குள் பூட்டி வைத்திருந்ததை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து விட்டாள்.

"சோல்."

மலை அதைத் திருப்பிச் சொன்னது. எதிர்மலை அதற்குப் பதில் சொன்னது. மேய்ச்சல் மேட்டில் இருந்த எங்கள் யாக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி இடது பக்கம் திரும்பியதை நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

மணி நின்றது. "சோல்?" என்றது குரல், கொஞ்சம் பயந்து. "இறுதியான முடிவா?"

"சோல். சோல். சோல்டா மடையா. சோல் பக்கம் போ, மாதியார் வீடு வரும், போய்ப் படு. கதவு தாழ்வா இருக்கும், குனிஞ்சு போ. இனிமே மனுசன் மாதிரி ஓங் கையால சாப்பிடு."

அணை உடைந்தால் அப்படித்தான். ஒரு வாளித் தண்ணீரோடு நிற்காது. அவன் இடது பக்கம் திரும்பி, மணிச் சத்தம் மேய்ப்பர் தடத்தில் தேய்ந்து மறைகிற வரைக்கும் அவள் கத்திக்கொண்டேதான் இருந்தாள். முடித்தபோது குரல் போய்விட்டது. திரும்பி வரும்போது இரண்டு பேருமே ஊமை. வளைவுகளுக்குக் கரண்டியேதான், இடதுக்கு ஓர் இடி, வலதுக்கு இரண்டு இடி. அப்பா தோள் நீலம் பாரித்து ஒரு வாரம் சட்டை மாற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

மூன்றாம் நாள் மாதியார் குதிரையில் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தான். உங்கள் விருந்தாளி பனியில் நனைந்து வந்து, கதவில் இடித்துக்கொண்டு, அரை ஆட்டைத் தின்று, அரசாங்க அறிவிப்பு மாதிரி நன்றி சொல்லிவிட்டு, பனி விட்டதும் கணவாயைப் பார்த்துப் போய்விட்டான் என்று சொன்னான். "ஓங் கைலதான் சாப்பிடுவேன்னு அழிச்சாட்டியம் பண்ணான். பாதிக் கறி கீழ விழுந்துச்சு. எவளோ திட்டினாளாம்" என்றான்.

அண்ணி மாதியாருக்கு டீ ஊற்றினாள்.  அவன் போன பிறகு உள்ளே போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். வெளியே வந்தபோது பழைய அண்ணியேதான். அப்பா முகத்தைப் பார்க்காமல், தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கவாட்டில் நின்றுதான் அவருக்குப் பரிமாறுகிறாள். நான் சும்மா இருப்பேனா?

"அண்ணி, ஒரு தடவை சொல்லியாச்சு. இனிமே சொல்றதுக்கு என்ன?"

"யாருடா சொன்னது? நான் எப்ப சொன்னேன்?"

"ஓடைக் கரையில."

"காத்து சொல்லிச்சு. போய் சாணத்தத் திருப்பிப் போடு, வாயாடி."

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்பா பண்ணுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவருக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய்விட்டது. தன் பெயரை அவ்வளவு பலமாக யாரும் கூப்பிட்டதில்லை என்கிறார், பட்டாளத்தில்கூட. இன்னொரு தடவை கேட்க வேண்டுமாம். காலையிலிருந்து பொறி வைத்துக்கொண்டே இருக்கிறார். ஏம்மா, காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது? ஏம்மா, என் எந்தக் காலுல செருப்பு மாறியிருக்கு? அவளும் மேலிருந்து, கீழிருந்து, மாதியார் வீட்டுப் பக்கமிருந்து என்று ஏதேதோ சொல்லித் தப்பித்துக்கொண்டே இருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து டீ குடிப்பதற்குப் பதில் நான் யாக்குகளோடேயே இருந்திருக்கலாம்.

நேற்று அப்பா நல்ல பொறியாக ஒன்று வைத்தார். டீக் கிண்ணம் அவருடைய இடது முழங்கால் பக்கத்தில்தான் இருந்தது. அவருக்கே தெரியும், அவர்தான் வைத்தார்.

"ஏம்மா, என் கிண்ணம் எங்க? கண்ணு தெரியலையே."

"உங்க பக்கத்துலதான் மாமா."

"எந்தப் பக்கத்துல?"

நான் ரொட்டியை மெல்லுவதை நிறுத்திவிட்டேன். அண்ணன்கூட நிமிர்ந்து பார்த்தான். அண்ணி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். குனிந்து அந்தக் கிண்ணத்தை எடுத்தாள், அப்பாவைச் சுற்றி நடந்தாள், மறுபக்கத்தில் மெதுவாக வைத்தாள்.

"ஓங் பக்கத்துல மாமா" என்றாள்.